சுங்கை சிப்புட்டிலிருந்து கவுன்சலிங்: யாரிடம் போவது, என்ன நடக்கும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒருவர் "சரி, கவுன்சலிங் போய்த்தான் பார்ப்போமே" என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டதும் அடுத்த கேள்வி வந்து நிற்கும்: யாரிடம்? ஊரில் அரசாங்க கிளினிக் இருக்கிறது. ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தள்ளி ஈப்போவில் தனியார் கவுன்சலர்கள் இருக்கிறார்கள். கைப்பேசியைத் திறந்தால் கோலாலம்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் "தமிழிலேயே பேசலாம்" என்று அழைக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களோ, முதலில் கோயிலுக்குப் போய் வா என்கிறார்கள். என் வீட்டிலேயே இருவர் இந்த வழிகளில் நடந்திருக்கிறார்கள். தெரிந்தவர்கள் சிலரை நானே கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். பார்த்ததையும் தெரிந்துகொண்டதையும் வைத்து, எது யாருக்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு பயத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். நம் பக்கத்தில் வளர்ந்த யாரும் "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிருவேன்" என்ற அதட்டலைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. 1911-இல் அங்கே தொடங்கிய மனநல மருத்துவமனைதான் இன்றைய ஹாஸ்பிட்டல் பஹாகியா உலு கிந்தா. அது நமக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஊர்ப் பெயரே வசையாகிவிட்டது. கவுன்சலிங் என்றதும் அம்மாமார்களின் முகம் மாறுவதற்கு இதுதான் காரணம். ஆனால் பேச்சு சிகிச்சை என்பது ஓர் அறை, இரண்டு நாற்காலி, ஐம்பது நிமிடமோ ஒரு மணி நேரமோ பேச்சு, அப்புறம் வீட்டுக்குத் திரும்புவது. அவ்வளவுதான். இந்த உதவி தேவைப்படுகிறவர் நாட்டில் அரிதும் இல்லை. 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், 16 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருப்பதாகத் தெரிந்தது. அது சுமார் பத்து லட்சம் பேர். 2019-இல் இந்த அளவு 2.3 விழுக்காடாக இருந்தது.

இன்னொன்றும் பலருக்குத் தெரியவில்லை. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. முன்பு குடும்பங்கள் போலீசுக்குப் பயந்து டாக்டரிடம்கூட உண்மையைச் சொல்லாமல் மறைத்தன. இப்போது அந்தப் பயம் தேவையில்லை.

நம்மைப் புரிந்தவர் என்றால் யார்

பண்பாட்டைப் புரிந்துகொண்டு செய்யும் சிகிச்சை என்றால், சாமி படம் மாட்டிய அறையில் தமிழ் பேசுகிறவர் உட்கார்ந்திருப்பார் என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது. நாற்பது வருடம் ரப்பர் பால் வெட்டிய ஒரு பெரியம்மா வந்து உட்கார்ந்தால், "எனக்கு மனச்சோர்வு" என்று தொடங்கமாட்டார். நெஞ்சை அடைக்கிறது, தலையில் சூடு ஏறுகிறது, கைகால் விறுவிறுக்கிறது, ராத்திரி கண்ணை மூடினால் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று சொல்வார். நெஞ்சுப் படம் எடுத்தாயிற்று, ரத்தம் பார்த்தாயிற்று, எல்லாம் சரி என்று டாக்டர் சொல்லிவிட்டார். இங்கே நல்ல கவுன்சலர், அந்த நெஞ்சடைப்பு எப்போது வரும், யார் வீட்டுக்கு வந்தால் கூடும், யார் பக்கத்தில் இருந்தால் குறையும் என்று கேட்டுக் கேட்டு உள்ளே போவார். உடம்பைப் பேசவிட்டால்தான் மனம் பேசும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

இது திறமைசாலிகளின் தனிப்பட்ட கைவாகு மட்டும் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற மனநோய் கண்டறியும் கையேட்டில் இதற்கென்றே 16 கேள்விகள் கொண்ட ஒரு நேர்காணல் முறை இருக்கிறது. உங்கள் பிரச்சினையை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள், இது ஏன் வந்தது என்று நினைக்கிறீர்கள், குடும்பத்தார் என்ன நினைக்கிறார்கள், இதுவரை எங்கெல்லாம் உதவி தேடினீர்கள், நீங்களும் நானும் வேறு வேறு பின்னணியிலிருந்து வருவதால் நான் புரிந்துகொள்ளாமல் போய்விடுவேன் என்று பயமாக இருக்கிறதா என்ற வகையில் அவை போகும். உங்கள் கவுன்சலர் அந்தத் தாளைக் கையில் வைத்திருக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு சந்திப்புகளில் இவற்றில் சிலவற்றையாவது கேட்கிறாரா என்று கவனியுங்கள்.

மொழிக்கும் தனி எடை உண்டு. கிரைனர், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் 76 ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வந்தவர்களின் பண்பாட்டுக்கு ஏற்றபடி மாற்றிய சிகிச்சை நல்ல பலன் தந்திருந்தது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கு அவரவர் மொழியில் நடத்திய சிகிச்சை, ஆங்கிலத்தில் நடத்தியதைவிட இரண்டு மடங்கு பலன் தந்திருந்தது. பெரும்பாலும் அமெரிக்கச் சிறுபான்மையினரிடம் நடந்த ஆய்வுகள்தான் அவை. ஆனாலும் வீட்டில் ஒரு மொழியும் கவுண்டரில் வேறு மொழியும் பேசும் நமக்கு இதில் யோசிக்க நிறைய இருக்கிறது.

அரசாங்க கிளினிக்: மலிவு, தாமதம், பெரும்பாலும் மலாய்

கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). நீல அடையாள அட்டை இல்லாதவர்களுக்குக் கணக்கு வேறு. கவுண்டரில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டரிடம் "தூக்கமில்லை, எதிலும் மனசு போகவில்லை" என்று சொன்னால் போதும், ஒரு கேள்வித்தாளை நீட்டுவார்கள். பெரும்பாலும் அது பிஎச்க்யூ-9 அல்லது டாஸ்-21 ஆக இருக்கும். கடந்த ஓரிரு வாரங்களில் எத்தனை நாள் சோர்வாக இருந்தது, பசி எப்படி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்று கேட்டிருக்கும். நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று குறைத்து எழுதாதீர்கள். அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் எவ்வளவு அவசரம் என்று முடிவு செய்கிறார்கள்.

தனியாரிடம் போகப்போகிறவர்கள்கூட இந்த ஒரு வெள்ளிப் படியைத் தாண்டிப் போகக்கூடாது என்பது என் கருத்து. தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் அசதி, அழுகை, தூக்கக் கேடு எல்லாம் வரும். அதை ரத்தப் பரிசோதனையில்தான் பிடிக்க முடியும். கவுன்சலரிடம் மாதக்கணக்கில் பேசிவிட்டு, கடைசியில் தைராய்டு என்று தெரிய வந்தால் எத்தனை வேதனை!

இங்கிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். நிபுணர் கிளினிக்கில் கட்டணம் 5 வெள்ளி. அதே இடத்துக்குத் தனியார் டாக்டரின் கடிதத்தோடு போனால் முதல் தடவை 30 வெள்ளி. அங்கே மனநல மருத்துவர், கவுன்சலர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் மருந்தும் பேச்சும் சேர்ந்து கிடைக்கும். இந்த வசதி மற்ற வழிகளில் இல்லை. கவுன்சலர்கள் மருந்து எழுத முடியாது. நடுத்தரத்துக்கு மேல் போய்விட்ட மனச்சோர்வுக்கு மருந்து தேவைப்படலாம். அது வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் ஆறு வாரம்வரை பிடிக்கும்.

குறை என்னவென்றால், காத்திருப்பு. முதல் தேதி கிடைக்க வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே நீண்ட இடைவெளி விழும். பழகிய டாக்டர் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போக, புதியவரிடம் எல்லாக் கதையையும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும். இது சலிப்பு மட்டும் இல்லை. ஒரு துக்கத்தைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்கச் சொன்னால் மனிதர் உள்ளே இறுகிப்போவார்.

மொழியைப் பொறுத்தவரை வயது முக்கியம். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்வரை படித்த பிள்ளைகளுக்கு மலாயில் பேசுவது பெரிய தடை இல்லை. தோட்டத்திலேயே காலம் கழித்த பெரியவர்களுக்கு மலாய் என்றால் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான மலாய். அதில் கணவரைப் பற்றியோ செத்துப்போன பிள்ளையைப் பற்றியோ பேச முடியாது. இந்த இடத்தில் குடும்பங்கள் செய்யும் தவறு, மகளை உட்காரவைத்து மொழிபெயர்க்கச் சொல்வது. அப்பாவின் குடியால் பட்டதை, அந்த அப்பாவின் மகள் வழியாக அம்மா எப்படிச் சொல்வார்? "பரவாயில்லை டாக்டர், எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று முடித்துவிடுவார். தேதி வாங்கும்போதே தமிழ் தெரிந்த டாக்டரோ மிஸ்ஸியோ (தாதியோ) இருக்கிறாரா என்று கேளுங்கள். பல இடங்களில் இருக்கிறார்கள். கேட்காதவரை யாரும் தானாக ஏற்பாடு செய்வதில்லை.

ஆனால் மலாய்க்காரர் நம்மைப் புரிந்துகொள்ளமாட்டார் என்று முன்கூட்டியே முடிவு கட்டுவதும் தவறு. என் சித்தி மகன் ஒரு மலாய்க் கவுன்சலரிடம்தான் போனான். முதல் நாளே அந்த அம்மா, "உங்கள் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாது, தப்பாகப் புரிந்துகொண்டால் நிறுத்தித் திருத்துங்கள்" என்று சொல்லியிருக்கிறார். மூத்தவன் கல்யாணமாகாமல் இருக்கும்போது இளையவன் கல்யாணம் பேசினால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை அவன் அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல அவனுக்கே தன் கோபம் எங்கிருந்து வருகிறது என்று பிடிபட்டது. நம் ஆள் இல்லை என்பதே அவனுக்குத் தைரியம் கொடுத்தது என்று பிறகு சொன்னான்.

ஈப்போவில் தமிழ்க் கவுன்சலர்

தனியார் கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு சந்திப்புக்கு ஏறக்குறைய 100 முதல் 250 வெள்ளிவரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் அதற்கு மேலும் போகும். வாரம் ஒரு தடவை என்று எட்டுத் தடவை போனால் எவ்வளவு என்று கணக்குப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பாதியில் பணம் தீர்ந்து நிற்பது, தொடங்காமல் இருப்பதைவிடச் சில சமயம் மோசம். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வரலாமா, கட்டணம் குறைக்க முடியுமா என்று தயங்காமல் கேட்கலாம், பலர் குறைத்துக்கொள்கிறார்கள். வருமான வரி கட்டுகிறவர்கள், பதிவு பெற்றவரிடம் பெற்ற மனநல ஆலோசனைக்கான ரசீதை மருத்துவப் பரிசோதனைக்கான வரி விலக்கில், 1,000 வெள்ளி வரம்புக்குள், காட்டலாம்.

மலேசியாவில் கவுன்சலர் என்று சொல்லிக்கொண்டு தொழில் செய்ய 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், அதாவது சட்டம் 580-இன்கீழ், லெம்பாகா கவுன்சலோர் என்ற கவுன்சலர் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் கேபி, பிஏ என்று இரண்டும் இருக்கும்; முன்னது பதிவு, பின்னது தொழில் செய்யும் அனுமதி. மருத்துவ உளவியலாளர்கள் வருவது 2016-ஆம் ஆண்டின் சட்டம் 774-இன்கீழ். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் சமூகத்தில் தன்முனைப்புப் பேச்சாளர்களும் "மைண்ட் கோச்" என்ற பலகை மாட்டியவர்களும் கவுன்சலிங் என்ற பெயரிலேயே பணம் வாங்குகிறார்கள். மேடையில் கைத்தட்டல் வாங்கத் தெரிந்தவருக்கு, உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்று யோசிக்கும் பிள்ளையை எப்படிக் கேட்பது என்று தெரிந்திருக்கும் என்று நம்ப முடியாது. பதிவு எண்ணைக் கேளுங்கள். உண்மையான கவுன்சலர் கோபப்படமாட்டார்.

சரி, பதிவு இருக்கிறது, தமிழரும்கூட. போதுமா? இங்கேதான் நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

தமிழ்க் கவுன்சலர் என்றால் நம் வாழ்க்கை தெரிந்தவர் என்று பொருள் இல்லை. அவர் கோலாலம்பூரில் ஆங்கிலம் பேசும் வீட்டில் வளர்ந்து, தமிழை உறவினர் கல்யாணங்களில் மட்டும் பேசியவராக இருக்கலாம். ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தபோது வேலையும் லயத்து வீடும் ஒரே நாளில் போனது எப்படி இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். தோட்டத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை நின்றால் வீடும் போகும். ஐம்பது வருடம் வாழ்ந்த இடத்தை விட்டு டவுன் பக்கத்து மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்த தாத்தா, இன்னமும் விடியற்காலை பெரட்டு நேரத்துக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் நேரத்துக்கு, எழுந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் அதை வெறும் தூக்கக் குறைவு என்று எழுதிவிட முடியாது. அது துக்கம். தெரியாத கவுன்சலர் கேட்டுத் தெரிந்துகொண்டால் சரி. தெரிந்ததாக நினைத்துக்கொண்டு, "அங்கிள், நீங்க வாக்கிங் போங்க" என்று சொன்னால் அவர் அடுத்த தடவை வரமாட்டார்.

இரண்டாவது சங்கடம் இதற்கு நேர் எதிரானது: மிகவும் நெருங்கிப்போவது. "நீங்க சங்காட் சாலாக் பக்கமா? யாரு வீட்டுப் பிள்ளை?" சாதாரணப் பேச்சில் இது அன்பான கேள்வி. சிகிச்சை அறையில் இதே கேள்வி வாயை மூடிவிடும். இன்னார் மகள் என்று தெரிந்த பிறகு, அந்த இன்னாரைப் பற்றி எப்படிப் பேசுவது? பேச்சு அப்படியே சாதிப் பக்கம் திரும்பிவிடுமோ என்ற பயமும் நம்மில் பலருக்கு உள்ளே இருக்கிறது, வெளியே சொல்வதில்லை. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டை விட்டு வெளியே வந்த ஒரு பெண், தமிழ்க் கவுன்சலரே வேண்டாம் என்று என்னிடம் பிடிவாதமாகச் சொன்னாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவளை நான் வற்புறுத்தவில்லை.

ரகசியம் காக்கும் கடமை எல்லாக் கவுன்சலர்களுக்கும் உண்டு. கவலை அவர்களைப் பற்றியது இல்லை. காத்திருக்கும் அறையில் யார் உட்கார்ந்திருப்பார், வாசலில் நிற்கும் காரை யார் பார்ப்பார் என்பதுதான். ஈப்போ அந்த வகையில் நம் ஊரைவிடத் தேவலை. அங்கே நாம் பத்தோடு பதினொன்று.

இவ்வளவு சொன்ன பிறகும், அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும், புத்திரசோகத்தில் இருப்பவர்களுக்கும், தமிழில் மட்டுமே அழத் தெரிந்தவர்களுக்கும் நேரில் பார்க்கும் தமிழ்க் கவுன்சலர்தான் சிறந்தது என்பேன். வாகனம் ஏற்பாடு செய்து, வெளியே காத்திருந்து, திரும்பும் வழியில் எதையும் துருவிக் கேட்காமல் கூட்டிவர வீட்டில் ஒருவர் இருந்தால் போதும்.

திரையில்: கோலாலம்பூரா, சென்னையா

வீடியோ வழியாகப் பேசுவதில் பயண நேரம் இல்லை, பெட்ரோல் இல்லை, யாரும் பார்ப்பதில்லை. ஷிஃப்ட் வேலை செய்யும் தொழிற்சாலைப் பிள்ளைகளுக்கு இது பெரிய வரம். கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ் பேசும் கவுன்சலர்கள் ஈப்போவைவிட அதிகம். ஆகவே ஆண் வேண்டும், பெண் வேண்டும், கிறிஸ்தவராக இருந்தால் நல்லது என்றெல்லாம் தேர்ந்தெடுக்கவும் முடியும்.

தடை வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. இரண்டு அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில், மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்க, மருமகள் என்ன பேசுவாள்? சிலர் காரை ஓரமாக நிறுத்தி உள்ளே உட்கார்ந்து பேசுகிறார்கள். அது நல்ல யோசனை. வீட்டில் அடி உதை இருந்தால் மட்டும் திரை வழியை எடுக்காதீர்கள், ஒட்டுக்கேட்கப்பட்டால் ஆபத்து. கணவன் மனைவியைச் சேர்த்து உட்காரவைக்கும் கவுன்சலிங்கும் அந்த நிலையில் பொருந்தாது. அறையில் சொன்னதற்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் ஓஎஸ்சிசி என்ற உதவி மையம் இருக்கிறது. காயத்தோடு வருகிறவருக்கு மருத்துவம், போலீஸ் புகார், சமூக நல உதவி எல்லாவற்றையும் அங்கே ஒரே இடத்தில் கவனிப்பார்கள்.

சென்னையிலோ கோவையிலோ இருப்பவரிடம் பேசினால் கட்டணம் குறையும், தமிழும் தங்குதடையின்றி இருக்கும். ஆனால் நாம் பேசுவது மலாயும் ஆங்கிலமும் கலந்த தமிழ். வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, தாமான் (குடியிருப்புப் பகுதி) என்றால் என்ன, பிடிபிடிஎன் கடன் (அரசாங்க உயர்கல்விக் கடன்) என்றால் என்ன, ஆலோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரரிடம்) வாங்கிய பணம் ஏன் இப்படிப் பயமுறுத்துகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தால் அழுகை வந்த வழியே திரும்பிப்போய்விடும். சிறுபான்மையாக வாழ்வதன் களைப்பும் அவர்களுக்குப் பழக்கமானது இல்லை. இன்டர்வியூவில் தன் பெயரைப் பார்த்ததும் எதிரே இருப்பவர் முகம் மாறியது என்று ஒரு பையன் சொன்னால், "உங்களுக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்" என்று பதில் வரும் வாய்ப்பு அதிகம். எல்லாவற்றுக்கும் மேலே, நிலைமை கைமீறினால் அவர்களால் இங்கே எந்த மருத்துவமனையையும் கூப்பிட முடியாது. நம் சட்டப்படி பதிந்தவர்களும் இல்லை. உயிர் பற்றிய எண்ணம் இருப்பவர்கள் இந்த வழியில் போக வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

கோயிலும் சாமியும்

கோயிலா கவுன்சலிங்கா என்று வீட்டில் சண்டை போடுவது வீண். முனீஸ்வரர் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு வருவதால் எந்தச் சிகிச்சையும் கெட்டுப்போகாது. அந்தக் கூட்டம், பாட்டு, நாலு பேர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது எல்லாம் தனிமையில் வாடுகிறவருக்கு மருந்துதான். ஒரு குடும்பத்தில், கல்லுமலை முருகனுக்கு அப்பா நேர்ந்துகொண்ட காவடியை அவர் இறந்த பிறகு யாரும் எடுக்கவில்லை, அதனால்தான் வீட்டில் இத்தனை கஷ்டம் என்று மகன் நம்பினான். அவனுடைய கவுன்சலர் அதைச் சரி என்றும் சொல்லவில்லை, மூடநம்பிக்கை என்றும் சொல்லவில்லை. அப்பாவிடம் கடைசியாக என்ன பேசினாய் என்று கேட்டாராம். அந்தத் தைப்பூசத்துக்கு அவன் பால்குடம் எடுத்தான், கவுன்சலிங்கையும் விடவில்லை.

நான் தடுப்பது இரண்டைத்தான். செய்வினை எடுக்கிறேன் என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவரிடம் போவது ஒன்று. டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்து என்று சொல்பவரிடம் போவது இன்னொன்று. அவர் சாமியாடியாக இருந்தாலும் சரி, போமோவாக (மலாய் மந்திரவாதியாக) இருந்தாலும் சரி, ஜெபக் கூட்டத்துப் போதகராக இருந்தாலும் சரி.

முதல் நாள் என்ன நடக்கும்

முதலில் ஒரு சம்மதப் படிவம். பேசுவது ரகசியமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு, எப்போது இருக்காது என்பதையும் சொல்வார்: உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால், குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்றால், நீதிமன்றம் கேட்டால். இதைச் சொல்லாமலே தொடங்குகிறவரிடம் நீங்களே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் கேள்விகள். வீட்டில் யார் யார், தூக்கம், சாப்பாடு, வேலை, குடி, மாத்திரைகள், முன்பு இப்படி இருந்ததா. சாக வேண்டும் என்று நினைத்ததுண்டா என்று நேராகக் கேட்பார். கேட்டவுடன் பதறாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, உள்ளே இருந்தால் வெளியே வர வழி கிடைக்கிறது. முதல் நாள் ஆலோசனை எதுவும் சொல்லாமல் அனுப்பிவிட்டார் என்று பலர் ஏமாற்றத்தோடு வருகிறார்கள். பெரியவர் என்றால் அறிவுரை சொல்ல வேண்டும் என்று நாம் பழகியிருக்கிறோம். ஆனால் கவுன்சலரின் வேலை பஞ்சாயத்து இல்லை. யார் மேல் தப்பு என்று தீர்ப்புச் சொல்லமாட்டார். பேசிவிட்டு வந்த அன்று முன்னைவிடக் களைப்பாகவும் கனமாகவும் இருக்கலாம், அதுவும் வழக்கம்தான்.

அடுத்தடுத்த சந்திப்புகளில் வீட்டுப்பாடம் வரும். அறிவுசார் நடத்தை சிகிச்சை என்றால், மனம் கலங்கிய நேரத்தில் ஓடிய எண்ணங்களை எழுதி வரச் சொல்வார். எழுத்து வராதவர் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து வரலாம் என்று கேட்டுப் பாருங்கள். பண்பாட்டுப் புரிதல் பளிச்சென்று தெரிவது இந்தக் கட்டத்தில்தான். "அம்மாவிடம் முடியாது என்று சொல்லிப் பழகுங்கள்" என்று புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஒருவர் சொல்வார். சம்பளக் கவரைப் பிரிக்காமல் அம்மா கையில் கொடுத்து வளர்ந்த பிள்ளைக்கு அது சாத்தியமே இல்லை. இன்னொருவர், "யார் மூலமாகச் சொன்னால் அம்மா கேட்பார், மாமா மூலமாகவா?" என்று கேட்பார். இரண்டாமவரிடம்தான் நான் போவேன்.

முடிவு எடுக்க வேண்டியவர்களுக்கு

எனக்கு வேண்டியவர் யாராவது நாளைக்கே கேட்டால், இந்த வாரமே அரசாங்க கிளினிக்குக்குப் போய் ரத்தம் பார்த்துவிட்டு, ஈப்போவுக்குக் கடிதம் வாங்கிவிடு என்பேன். அந்தத் தேதி வரும்வரை, மலேசியாவில் பதிந்த தமிழ்க் கவுன்சலர் ஒருவரிடம் திரை வழியாக மூன்று தடவை. கையில் பணம் இல்லையென்றால் தேதிக்காகக் காத்திருக்கலாம். ஆனால் தனியாக இல்லை. சுகாதார அமைச்சின் 15555 என்ற ஹீல் எண் காலை 8 மணியிலிருந்து நள்ளிரவுவரை இருக்கிறது. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூரின் 03-7627 2929 இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கிறது. தமிழில் பேச ஆள் வேண்டும் என்று எடுத்தவுடன் சொல்லுங்கள். அப்போது இல்லையென்றால் எந்த நேரத்தில் இருப்பார் என்று கேளுங்கள். இது சிகிச்சைக்கு ஈடாகாது, அன்றைய இரவைத் தாண்ட உதவும். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் போனில் நேரம் கடத்தாமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், அல்லது 999.

கவுன்சலருக்கு முதல் தடவை போன் செய்யும்போது கேட்பதற்கு: தமிழில் முழுதாகப் பேசுவீர்களா, தோட்டப்புறக் குடும்பங்களோடு வேலை செய்திருக்கிறீர்களா, எத்தனை சந்திப்பு ஆகும் என்று எப்போது சொல்வீர்கள், தேவைப்பட்டால் குடும்பத்தாரை ஒருநாள் கூட்டி வரலாமா. பதில்களைவிட, கேட்கவிட்டு நிதானமாகப் பதில் சொல்கிறாரா என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது சந்திப்புக்குப் பிறகும் அவர் முன்னால் வார்த்தைகளை அளந்துதான் பேசுகிறீர்கள் என்றால் ஆளை மாற்றிக்கொள்ளலாம். நம்மவர்கள் இதற்கு வெட்கப்பட்டு, சொல்லாமலே நின்றுவிடுகிறார்கள். அதோடு கவுன்சலிங்கே பயனில்லை என்றும் முடிவு கட்டிவிடுகிறார்கள். "எனக்கு இது ஒத்துவரவில்லை, வேறு யாரையாவது சொல்ல முடியுமா" என்று அவரிடமே கேளுங்கள். நல்லவர் என்றால் பெயர் தருவார். கூடவே, இதுவரை பேசியதன் சுருக்கத்தை எழுதி வாங்கிக்கொண்டு போனால், புதியவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.